கேட்டு எடுத்த படம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் என் குரல்தான் கிளம்பும். நான் அதன் பின்னால் ஓடிப்போய்ச் சேருவேன். தொழிலும் அதற்கேற்ற மாதிரிதான் வாய்த்திருக்கிறது. கே.கே. நகரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். "பிரேக்கைப் பிடிங்க! ஐயோ, காலை ஊனாதீங்க, பிரேக்கைப் பிடிங்க!" என்று காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே பாட்டுதான். வீட்டில் நான் காபி கேட்டால்கூடப் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கிறது என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரரோடு நான் மல்லுக்கு நின்ற கதையும், அதில் கடைசியில் என் தங்கச்சி எங்கள் இரண்டு பேரையும் ஓரமாக உட்கார வைத்த கதையும்தான் இது.

சந்தோஷமான கதைதான். ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஒரு வேன், கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்த வாய்க்கால் பாலத்திலிருந்து தண்ணீரில் கவிழ்ந்தது. அந்தச் சுவரைக் கட்டித் தாருங்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்தார்கள். வேலைக்குப் போன வேன் அது. அதில் என் தங்கச்சியின் புருஷனும் இருந்தான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளை வளர்த்ததும் நான்தான், கட்டிக்கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. என்னைப் பார்த்தால் "அண்ணி, கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க, காது போகுது" என்று சிரிப்பான். அவன் போன அன்று அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது எங்கள் வீட்டுக்குள் மட்டுமே தெரிந்த விஷயம்.

தகவல் வந்ததும் அவள் போட்டிருந்த நைட்டியோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில், மழையில், தலை அவிழ்ந்து கிடக்க, வாயைத் திறந்து அவள் கதறிய நொடியில் ஒருவர் படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் அது வந்தது. பிறகு போனுக்குப் போன் பறந்தது. யார் யாரோ அதன் மேல் மெழுகுவர்த்தி படம் போட்டு, கவிதை எழுதி, பின்னால் வயலின் ஓடவிட்டு அனுப்பினார்கள். எங்களுக்கே அனுப்பினார்கள்! "பாவம் யாரோ" என்று எழுதி எனக்கே ஒருத்தி அனுப்பினாள். என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள்.

அதற்கு அடுத்த நாள் ஸ்ரீரங்கத்தில் தங்கச்சியின் மாமியார் வீட்டுத் தெருவில் டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஜன்னல் கம்பி வழியாக மைக்கை உள்ளே நீட்டுகிறான் ஒருவன். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவா வேண்டும்? என் 'எல்' போர்டு ஸ்கூட்டரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "உங்க மனநிலை இப்ப எப்படி இருக்கு?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். "கிட்ட வாம்மா, காட்டுறேன்" என்றேன். அவள் வரவில்லை. அன்று சாயங்காலம் 'ஆவேசமடைந்த உறவினர்' என்று என்னைக் காட்டினார்கள். அதற்கப்புறம் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது. இந்தம்மாவிடம் போனால் லாரிக்காரனுக்குக்கூடப் பயப்பட வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

படம் எடுத்த ஆளை நான் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க நான் எங்கும் போகவில்லை, அவரே வந்து நின்றார். என் வயசு இருக்கும். நடுவில் லேசாகத் தொப்பை, சைலன்சர் ஓட்டையான பைக், தோளில் கேமரா பை. பாலத்துச் சுவரைப் பற்றித் தொடர்ந்து எழுதப் போகிறேன், வீட்டில் யாராவது பேசினால் நல்லது என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்க வைத்து அவரை நான் வாங்கிய வாங்கில் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நைட்டியோட நின்ன பொம்பளைய எடுத்திருக்கீங்களே சார், உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா எடுப்பீங்களா?"

அவர் தலையைக் குனியவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். "எடுத்தது சரின்னு சொல்ல வரல மேடம். ஆனா அந்தப் படம் இல்லேன்னா உள்பக்கத்துல நாலு வரி வந்திருக்கும். மறுநாள் எல்லாரும் மறந்திருப்பாங்க. அந்தப் படம் வந்த பிறகுதான் அதிகாரிங்க பாலத்துக்கே வந்து பாத்தாங்க. நாங்க எதையும் காட்டக் கூடாதுன்னா, அந்தச் சுவர் அப்படியேதான் கிடக்கும்."

"சுவர் கட்டறதுக்கு என் தங்கச்சி மூஞ்சிதான் செங்கல்லா?" என்றேன்.

அவர் டீக்குக் காசு கொடுக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். கடைசியில் ஒரு சத்தியம் மட்டும் வாங்கினேன். இனி எங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தலையில் கை வைத்துச் சொன்னார், அவர் தலையில்தான். அந்த மனுஷன் சொன்னபடி பாலத்தை விடவும் இல்லை. எஸ்டிமேட் எங்கே நிற்கிறது, கோப்பு யார் மேஜையில் தூங்குகிறது என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்தேன். நல்லாத்தான் எழுதினார், பாவி.

தங்கச்சிக்குப் பேப்பர் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவளை அரித்தது வேறு. பங்குனியில் ஒரு மத்தியானம் நான் போனபோது போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் பேரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். ஊர்ப் பேரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். தன் பேரையும் அவன் பேரையும் போட்டுத் தேடியிருக்கிறாள். எதைப் போட்டாலும் அந்தப் படம்தான்.

"அக்கா, இது பொறந்து பெருசாகி, எங்கப்பா யாரு, என்ன ஆச்சுன்னு ஒருநாள் தேடும்ல? அப்ப இதுதானே வரும்? எங்கம்மான்னா இதுதான்னு அது நினைச்சுக்குமேக்கா."

"அந்த ஆளைப் பிடிச்சு அழிக்கச் சொல்றேன்டி" என்று வண்டிச் சாவியை எடுத்தேன். "எத்தனை பேர் போன்ல போய் அழிப்பே? உக்காரு" என்றாள். அதுவும் நிஜம்தான். பேப்பர்காரரிடம் கேட்டும் பார்த்தேன். அது நடந்த சம்பவத்துக்கு ஆவணம், ஆபீஸில் அதை நீக்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா இல்லையா என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சியின் மாமியார் வாயைத் திறந்தார். நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். பிள்ளை படிப்புக்காக ஸ்ரீரங்கம் வந்தவர்கள். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். "ஏழாம் மாசம் வளையல் போடணும்" என்றார். நான் திகைத்துப்போனேன். வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பவில்லை, நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். அதிலும் புருஷன் இல்லாத பெண்ணுக்கு வளைகாப்பு என்றால் சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றுவிடுவார்கள்.

"மெல்லட்டும்" என்றார் அத்தை. "வளையல் சத்தம் அவளுக்கா? உள்ள இருக்குற புள்ளைக்கு. அம்மா கையில வளையல் குலுங்குற சத்தம் கேட்டுக்கிட்டே அது வளரணும். என் புள்ளைதான் போயிட்டான். அவன் புள்ளைக்குக் காதும் கேக்கக் கூடாதா?" சொல்லிவிட்டு முறத்தில் உளுந்தைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். பல மாதம் கழித்து அவள் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. அடேங்கப்பா, எனக்கு அது போதும். வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சித்திரையில் நாள் குறித்தோம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வீட்டிலேயே. வளையல்காரரை வீட்டுக்கே வரச் சொன்னோம். பேனர் வைக்க வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் பக்கம் காதுகுத்துக்குக்கூட ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல் முடியாது. இந்த வீட்டில் ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை என்று தெருவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஸ்ரீரங்கத்தில் தெரிந்த ஃப்ளெக்ஸ் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு யூ டர்ன் அடிக்கத் தெரியாமல் பால்காரர் மேல் ஏற்றப் போகிற நேரம் அது. "நம்ம தங்கச்சி வளைகாப்புப்பா, உனக்குத்தான் தெரியும்ல, நல்லாப் போட்டுடு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

போட்டோ அனுப்பவில்லை. அவனும் கேட்கவில்லை.

வளைகாப்பு அன்று காலை எல்லாம் அமர்க்களமாக ஆரம்பித்தது. வரமாட்டார்கள் என்று நினைத்தவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். என்னிடம் வண்டி கற்றவர்கள் ஒரு படையாக, ஸ்கூட்டரிலேயே வந்து தெருவை அடைத்தார்கள். தங்கச்சி மாம்பழக் கலர் பட்டில், மணையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போது சைலன்சர் ஓட்டையான பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தப் பேப்பர்காரர்! கையில் ஒரு சீப்பு பூவம்பழம், தோளில் கேமரா பை.

"யாரு கூப்பிட்டது?" என்றேன்.

"நான்தான்" என்றார் அத்தை உள்ளேயிருந்து. "சுவருக்காக அலையுற புள்ளை. சாப்பிடட்டும்."

அத்தை சொன்னால் மறுபேச்சு இல்லை. ஆனால் நான் விடுவேனா? ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கேமராவை வாங்கி டிக்கியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மனுஷன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். என் மாணவிகள் அவரைப் புதுசாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்து, "பிரேக் பழகியாச்சா?" என்று விசாரித்தார்கள்.

முதல் வளையலை யார் போடுவது என்று கூட்டத்தில் ஒரு சின்னத் தயக்கம். அத்தை நேராக வந்து உட்கார்ந்தார். அவரும் புருஷனை இழந்தவர்தான். சந்தனத்தை எடுத்து மருமகள் கன்னத்தில் பூசி, பச்சை வளையலை மாட்டினார். அடுத்து நான். அதற்கடுத்து வரிசை கட்டிவிட்டார்கள். அவள் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி வந்து சேர்ந்தான். "ஸாரிக்கா, கரெண்ட் போயிடுச்சு" என்றபடி, வாசலில் இரண்டு பேரைப் பிடித்து பேனரை விரித்தான்.

எனக்கு உயிரே நின்றுவிட்டது.

'வளைகாப்பு விழா. வருக! வருக!' நான்கு மூலையிலும் பலூன். ஒரு பக்கம் மயில், ஒரு பக்கம் தாமரை இலையில் குப்புறப் படுத்த குழந்தை. நடுவில் என் தங்கச்சி. ஆஸ்பத்திரி வாசலில் வாயைத் திறந்து கதறுகிறாளே, அந்த முகம். நைட்டி தெரியாமல் கழுத்தோடு வெட்டி, யாரோ ஒரு மாடல் பெண்ணின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டவைத்திருந்தான். ஒட்டியாணம், நெத்திச்சுட்டி, தலை கொள்ளாத மல்லிகைப்பூ எல்லாம் உண்டு. இவர்கள் வழக்கப்படி முகத்தை ரோஸ் கலருக்கு ஏற்றியிருந்தான். திறந்த வாய்க்கு நல்ல சிவப்பில் லிப்ஸ்டிக் வேறு.

"போட்டோ அனுப்பலையேக்கா" என்றான், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "நெட்ல தேடினேன். இது ஒண்ணுதான் வந்துச்சு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேப்பர்காரர் ஹெல்மெட்டோடு எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் எடுத்த படம் அல்லவா, வாசல் அகலத்துக்கு அவரைப் பார்த்துக் கதறிக்கொண்டிருக்கிறது. நான் பேனரைக் கிழிக்கத்தான் ஓடினேன். அதற்குள் பின்னால் ஒரு சத்தம்.

தங்கச்சி மணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள். பார்த்தாள். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். "அக்கா" என்றாள். "அடியே அக்கா, எனக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டிருக்கான் பாரு!"

சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வளையலெல்லாம் கலகலவென்று குலுங்குகிறது. "அந்த ஒட்டியாணத்தைப் பாரேன்! எவ இடுப்புடா இது?" என்று தம்பியைக் கேட்கிறாள். அவன் அழுகிற நிலையில் இருந்தான். அத்தைக்கு முந்தானைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. அப்புறம் யாரைச் சொல்வது, யாரை விடுவது? தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. "ஐயோ, உதைக்குதுக்கா, உள்ள உதைக்குது!" என்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு ஓயாமலேயே பேப்பர்காரர் பக்கம் திரும்பினாள். "சார், உங்க கேமரா எங்க?"

"உங்க அக்கா டிக்கியில."

"எடுத்துக் குடுக்கா."

"நீ சும்மா இருடி" என்றேன். "இதுக்கா நான் இத்தனை நாள் காவல் காத்தேன்?"

"நீ காத்தது சரிதான்க்கா. ஆனா இப்ப நான் கேக்கறேன்." அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு என்னைக் கேக்காம எடுத்தீங்க. அதனாலதான் சுவர் வருதுன்னு சொல்றீங்க. சரி, அது இருக்கட்டும். அழிக்கச் சொல்லல. இன்னொரு வீட்டுல இப்படி ஆகாம இருந்தாச் சரி. ஆனா என்னை அப்படியே அந்த வாசல்லயே நிறுத்திட்டுப் போயிட்டீங்களே. இன்னைக்கு நானே சொல்றேன், எடுங்க. எடுத்து, அதே பேப்பர்ல போடுங்க."

அவர் தயங்கினார். "வளைகாப்பு நியூஸ் ஆகாதேம்மா. ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"புருஷன் செத்தா யாருன்னாலும் அழுவாங்க சார். அதுல என்ன நியூஸ்? இன்னைக்கு நான் சிரிச்சேன் பாருங்க, இதுதான் நியூஸ்."

இடுப்பிலிருந்து சாவியை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும், "எடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவள் முந்தானையைச் சரி செய்தாள், பூவைத் தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டாள், ஒரு வளையலைத் திருப்பி வைத்தாள். "ம், எடுங்க" என்றாள். பின்னால் பேனரில் லிப்ஸ்டிக்கோடு அந்த முகம் கதறிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு தடவை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபோது எடுத்தார்.

படம் உடனே வந்துவிட்டதா? எங்கே! நான் தினமும் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு அவருக்குப் போன் போடுவேன். "பேசிக்கிட்டிருக்கேன்க்கா" என்பார். மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன். "அழறதைப் போட யாரையும் கேக்கல, சிரிக்கறதைப் போட எத்தனை பேர்கிட்டப்பா பர்மிஷன்?" என்று கேட்டேன். அதை அப்படியே போய் ஆபீஸில் சொல்லியிருக்கிறார். ஆடியில் தண்ணீர் வருவதற்கு முன்னால் பாலத்துச் சுவர் எழும்பி முடிந்தது. அந்தச் செய்தியோடு படம் வந்தது. முதல் பக்கத்தில் இல்லை, ஐந்தாம் பக்கத்தில், பாதி அளவுக்கு. பேப்பர் அவர்களுடையது, அவர்கள் பக்கம் அவர்கள் இஷ்டம் என்று அத்தை என்னைச் சமாதானப்படுத்தினார். அதற்குள் பிள்ளை பிறந்திருந்தது. பெண் குழந்தை, குரல் என் குரல். வீட்டுக்கு ஒருத்தி போதாதா என்று என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வருஷம் குழந்தையின் முதல் பிறந்த நாள். கே.கே. நகரில் ஒரு டீச்சருக்கு வண்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸ் தம்பி போன் பண்ணினான். "அக்கா, பேனருக்குக் குழந்தை போட்டோ வந்துடுச்சு. அம்மா போட்டோ அனுப்பல. பரவால்ல, நெட்ல எடுத்துக்கிட்டேன்."

"டேய்!" என்றேன். டீச்சர் பயந்து பிரேக்கைப் பிடித்துவிட்டார். "விடாதீங்க, நேரா ஸ்ரீரங்கம் போங்க!" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பாவம், அன்றுதான் அவருக்கு மூன்றாவது வகுப்பு. காவிரிப் பாலத்தில் இரண்டு பக்கமும் பஸ் உரச, "ரங்கா, ரங்கா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அன்றோடு அவருக்குப் பயம் விட்டுப்போனது.

கடைக்குள் ஓடினேன். கம்ப்யூட்டரில் தேடி வைத்ததை அப்படியே காட்டினான். மேலே, முதல் படமாக, மாம்பழக் கலர் பட்டில், கை நிறைய வளையலோடு என் தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழேதான் பழைய படம். அது எங்கும் போகவில்லை. ஆனால் இப்போது அது இரண்டாவது.

"மேல வர்றதைத்தானேக்கா எடுக்கணும்?" என்றான் தம்பி, தப்பு செய்துவிட்டோமோ என்ற பயத்தோடு. நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவன் பதறிப்போய் டீ வாங்க ஓடினான். டீச்சர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் ஆறியதும் அந்தத் திரையைப் போனில் படம் பிடித்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். 'உன் பொண்ணு தேடினா இதுதான்டி முதல்ல வரும்' என்று எழுதினேன்.

பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. டீ வந்து, குடித்தும் முடித்தேன். அப்புறம்தான் பதில் வந்தது.

'சரிக்கா. லிப்ஸ்டிக் மட்டும் போட வேணாம்னு அவன்கிட்டச் சொல்லு.'